ஒரு சிட்டிகைச் சேறு

வெள்ளாங்கரடு சிமெண்ட் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கலவையில் அரைத்த சிமெண்ட் முதல்முறையாக வாசலைத் தாண்டும்போது, அந்தக் கலவையைக் கண்டுபிடித்தவர் தன் கையால் லாரியின் நெற்றியில் ஒரு வேப்பங்கொப்பு கட்டவேண்டும். முதலாளி வந்தாலும் அவர் கட்டக்கூடாது. மந்திரி வந்தாலும் அவர் கட்டக்கூடாது. கலந்த கைதான் கட்டவேண்டும். கட்டிய பிறகு அந்தச் சிமெண்ட் எங்கே நிமிர்ந்து நின்றாலும், எங்கே இடிந்து விழுந்தாலும், பேர் அந்தக் கைக்குத்தான்.

அன்று காலையில் லாரி வாசலில் நின்றது. மூட்டைகள் ஏறியிருந்தன. கொப்பும் ஒடித்து வந்தாயிற்று. கட்டவேண்டிய கைதான் கட்டாமல் நின்றது.

அது மாசானத்தின் கை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். தலை முழுக்க நரைத்துவிட்டது. லாரிக்கு முன்னால் கொப்பைப் பிடித்தபடி நின்றார். ஓர் அடி முன்னால் வைப்பார். உடனே பின்னால் எடுப்பார்.

லாரி ஓட்டுகிற கொம்பையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னவே மாசானம், கொப்பை ஆட்டிக்கிட்டே நிக்கீரு? எனக்கு மந்திரிக்கப் போறீரா?"

"கொஞ்சம் பொறும் வே."

"நான் பொறுக்கேன். லாரியும் பொறுக்கும். வானம் பொறுக்குமா? மேக்க பாரும்."

மாசானம் மேற்கே பார்த்தார். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

சிமெண்ட் போகவேண்டிய இடம் உப்போடை. மழைக்காலத்தில் அந்த ஓடை, குறுக்கே போட்ட தாம்போதிச் சாலையை மூழ்கடித்துக்கொண்டு ஓடும். அக்கரையில் இருக்கிற ஊர்களுக்கு அப்போது பள்ளிக்கூடமும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. இந்த வருஷம்தான் அங்கே பாலம் வருகிறது. தடித்த தூணாக நிறுத்தினால் வெள்ளம் அதில் முட்டித் தள்ளும். அதனால் மெலிந்த தூண்கள் வேண்டும் என்று பாலம் கட்டுகிறவர்கள் வரைந்துவிட்டார்கள். மெலிந்த தூணுக்கு ஊரில் கிடைக்கிற சிமெண்ட் காணாது. அதைவிட வலுவானது வேண்டும். மழை இறங்குவதற்குள் தூண்கள் ஓடைக்கு மேலே எழும்பிவிடவேண்டும். இன்றைக்கு லாரி போகாவிட்டால் அவர்கள் வேறு ஆலையைத் தேடிப் போவார்கள். மாசானத்தின் கலவை பிறந்த வீட்டிலேயே முடிந்துபோகும்.

இதெல்லாம் போகட்டும். மாசானத்தின் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் உப்போடைக்கு அக்கரையில்தான் இருந்தது. பேரப்பிள்ளை அந்தப் பாலத்தின் மேல்தான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகப்போகிறாள்.

மாசானம் கொப்பை லாரியின் பம்பரில் வைத்தார்.

"இந்தா வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு லேபை நோக்கி நடந்தார்.

"போச்சு!" என்றார் கொம்பையா.

லேபுக்குத் தலைவி எப்சிபா டீச்சர். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். ஆலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 'இது ஏன் இப்படி?' என்று யார் கேட்டாலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அதனால் ஆலை முழுவதும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டது. பாடம் கேட்க உட்கார்ந்தவர்கள் பலர். எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தவர் மாசானம் ஒருவர்தான்.

டீச்சரின் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. நரைத்த தலை கறுத்த தலையிடம் பாடம் கேட்கிறதே என்று சிரித்தவர்கள் உண்டு. "தாகத்துக்குக் குடிக்கும்போது கெணத்துக்கு வயசு கேப்பமா?" என்பார் மாசானம்.

நல்ல மனிதர். ஆனால் பயந்தவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி தெருமுனை. இழுத்த இழுப்பில் திறந்துகொண்டதோ என்று மறுபடி வீடு. அவர் மனைவி, "பேசாம பூட்டைக் கையோட கொண்டு போங்க" என்று ஒருநாள் சாவியையும் பூட்டையும் சேர்த்தே கையில் கொடுத்துவிட்டாள்.

மாசானம் லேபுக்குள் போனபோது டீச்சர் நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என்னால முடியாது."

"எது?"

"கொப்பு கட்ட."

"கலவையில தப்பு இருக்கா?"

"இல்ல."

"அழுத்திப் பாத்த கியூப் என்ன சொல்லுது?"

"அது நல்லாத்தான் சொல்லுது. ஒவ்வொண்ணும் மெஷினையே முறைச்சுப் பாக்குது."

"பிறகென்ன, அண்ணாச்சி?"

மாசானம் ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பயமா இருக்கு."

டீச்சர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இத்தனை வருஷமா உங்ககிட்ட கேட்டேன். கல்லை எப்படிச் சுடணும்னு சொன்னீங்க. எப்படி அரைக்கணும்னு சொன்னீங்க. கேட்டதை எல்லாம் சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தப் பயத்தை எடுத்துப் போட ஒரு வழி சொல்லுங்க. எனக்குள்ள இருக்க கழிவு இது ஒண்ணுதான். இதை மட்டும் கழிச்சுட்டா இந்த நிமிஷமே ஓடிப்போய்க் கட்டிருவேன்."

டீச்சர் நுண்ணோக்கியை மூடிவைத்தார்.

"வாங்க" என்றார்.

இருவரும் ஆலையின் பின்பக்கம் போனார்கள். அங்கே குன்று குன்றாகக் கிடந்தது. இரும்பாலை கழித்த கசடு ஒரு குன்று. அனல்மின் நிலையம் கழித்த சாம்பல் ஒரு குன்று. ஊரெல்லாம் வேண்டாம் என்று தள்ளியது வெள்ளாங்கரட்டுக்குத்தான் வந்து சேரும். கடைசியில், மற்றவற்றை விட்டுத் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி ஒரு சாம்பல் நிறச் சேறு கிடந்தது. எங்கோ ஓர் உர ஆலை கழித்தது. அதைச் சுற்றி ஒரு புல் கிடையாது. எல்லாவற்றையும் மேய்கிற ஆடுகள்கூட அந்தப் பக்கம் வராது.

டீச்சர் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் விலக்கினார்.

"இது வந்தப்ப என்ன செய்யச் சொன்னாங்க?"

"குழி வெட்டி மூடச் சொன்னாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்னத்தச் செஞ்சேன். 'இதுல என்ன இருக்கு டீச்சர்?'னு உங்ககிட்ட வந்து கேட்டேன். 'ஒரு சிட்டிகை போட்டுச் சுட்டுப் பாருங்க'ன்னீங்க."

"சுட்டீங்களா?"

"சுட்டேன்."

"சேறே போடாமச் சுட்டது எப்படி இருந்துச்சு?"

"நல்ல சிமெண்டுதான். வீடு கட்டலாம், மாடி கட்டலாம். உப்போடைத் தூணுக்குக் காணாது."

"சிட்டிகை போட்டது?"

மாசானத்தின் முகம் மாறியது. அந்த நாளை நினைத்தால் அவருக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

உள்ளங்கையில் அடங்குகிற கியூப். சோதனைக்கென்றே வருகிற எண்ணூர் மணலோடு குழைத்து அச்சில் வார்த்து, வாரக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார். எடுத்து அழுத்துகிற மெஷினில் வைத்தார். முள் ஏறியது. வழக்கமாக உடைகிற இடம் வந்தது. மாசானம் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த லேபில் அதற்கு முன் யாரும் பார்த்திராத இடத்துக்கு முள் போனது. மெஷின் முனகியது. பக்கத்து அறையிலிருந்தவர்கள் எல்லாம் வந்து வாசலில் நின்றார்கள். கடைசியில் அது உடைந்தபோது மேஜை அதிர்ந்து, கண்ணாடிக் குவளைகள் எல்லாம் ஒரேயடியாகக் குலுங்கின. யாரோ, "யாத்தே!" என்றார்கள். அது தன் வாய்தான் என்று மாசானத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அதான் லாரியில நிக்குதே" என்றார் மெல்ல.

"அதுக்குப் பிறகு ஒண்ணு செஞ்சீங்களே?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டார்.

செய்ததற்குக் காரணம் இதே பயம்தான். ஒரு சிட்டிகைக்கே இவ்வளவு வலு என்றால், பாலத்துக்குப் போகிற சாமான் ஆயிற்றே, இருக்கட்டும் என்று அடுத்த கலவையில் ஒரு கைப்பிடியாக அள்ளிப் போட்டுவிட்டார். விருந்தாளி வருகிற அன்று குழம்பில் உப்பு கூடிப்போகுமே, அந்தக் கதை. சுட்டு அரைத்துக் குழைத்து வைத்தார். இறுகியதா என்று பார்க்கிற ஊசியை இறக்கிப் பார்த்தார். இறுகியிருக்கவேண்டிய நேரத்தில் ஊசி அடிவரை போனது. சாயங்காலம் போனது. மறுநாளும் போனது. அது சிமெண்டாக இல்லை, கேப்பைக் கூழாக இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கொம்பையா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னவே, பாலத்துக்குத் தூண் வேண்டாம், ஆளுக்கொரு கிண்ணம் குடுங்கன்னு சொல்லிருவோமா?" என்றார்.

"அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு டீச்சர்" என்றார் மாசானம். "இந்தக் கையை நம்பக்கூடாது. இது பயந்த கை. எங்கயாவது கூடப் போட்டுரும்."

"பிறகு திரும்ப சிட்டிகைக்கு வந்தீங்கல்ல?"

"வந்தேன்."

"யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. கூழைப் பாத்ததும் இன்னும் பயந்துபோச்சு. எவ்வளவு போட்டா இறுகும், எவ்வளவு போட்டா இறுகாதுன்னு ஒவ்வொண்ணாச் சுட்டுச் சுட்டுப் பாத்தேன். தராசு மேலயும் சந்தேகம் வந்து அதையும் நிறுத்துப் பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க."

டீச்சர் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"சூளைக்குப் போவம்" என்றார்.

மாசானத்தின் கால் தயங்கியது. ஆலையில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் சூளைக்குள் பார்த்ததே இல்லை. சூளை என்றால் ஊரில் செங்கல் சுடுகிற சூளை அல்ல. ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரமுள்ள இரும்புக் குழாய். படுத்த வாக்கில், ஒரு தெரு நீளத்துக்கு, கொஞ்சம் சாய்ந்தபடி, இரவும் பகலும் உருண்டுகொண்டே இருக்கும். மேல்முனையில் கல்மாவு விழும். கீழ்முனையிலிருந்து தீ சீறும். கீழ்முனையில் உள்ளே பார்க்க ஒரு துளை உண்டு. வெறும் கண்ணால் பார்த்தால் பார்வை போய்விடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ சொன்னார்கள். நீலக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்பதையும் சொன்னார்கள். மாசானம் முதலில் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்.

அருகே போகப் போக முகம் காய்ந்தது. தரை கால் வழியாக அதிர்ந்தது. டீச்சர் நீலக் கண்ணாடி பதித்த பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பாருங்க."

"கண்ணு..."

"நான் தினமும் பாக்கேன். எனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

மாசானம் முருகா என்று சொல்லிக்கொண்டே பலகையை முகத்துக்கு நேரே பிடித்தார். துளையருகே குனிந்தார்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒளி மட்டும் இருந்தது. பிறகு கண் பழகியது.

உள்ளே ஒரு கடல் புரண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே தீ ஒரு நதியாக நீண்டு ஓடியது. சூளை சுழலச் சுழல மாவு சுவரைப் பிடித்து ஏறியது. பாதி ஏறியதும் தாளாமல் சரிந்தது. மறுபடி ஏறியது. தூரத்தில் அது வெறும் தூசியாக வந்தது. ஓர் இடத்தில், கண்ணுக்கு முன்னாலேயே, தூசி வேர்த்தது. வேர்த்த இடத்தில் ஒன்றையொன்று பிடித்தது. பிடித்தது உருண்டது. உருண்டு உருண்டு, ஆயிரம் ஆயிரம் குண்டுமணிகளாக, ஒளியால் செய்த குண்டுமணிகளாக, அவரை நோக்கி வந்து கீழே கொட்டியது.

மலையில் ஆதியிலிருந்து அசையாமல் கிடந்த கல் அது. அது இப்போது சூரியனின் வயிற்றுக்குள் போய் வேறு பிறவி எடுத்து வருகிறது என்று மாசானத்துக்குத் தோன்றியது.

"என்ன தெரியுது?" சத்தத்துக்கு மேலே டீச்சர் குரல் வந்தது.

"வேர்க்குது டீச்சர்! மாவு வேர்க்குது!"

"சுண்ணாம்பும் மண்ணும் லேசுல ஒட்டாது. பங்காளிச் சண்டை மாதிரி பக்கத்துப் பக்கத்துல நிக்கும், பேசாது. இடையில கொஞ்சம் உருகி வேர்க்கணும். அந்த ஈரத்துக்குள்ள வச்சுத்தான் ரெண்டும் சேரும்."

"நம்ம சேறு?"

"அது இருந்தா சீக்கிரமே வேர்க்கும். நல்லாவும் சேரும்."

"அந்தச் சிட்டிகையா?"

"அந்தச் சிட்டிகைதான்."

மாசானம் மறுபடி பார்த்தார். ஆடு மிதிக்காத சேறு. குழி வெட்டி மூடச் சொன்ன சேறு. இவ்வளவு பெரிய தீக்குள்ளே, இவ்வளவு கல்லுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத அளவில் போய் என்ன காரியம் செய்கிறது! அவர் கண்ணில் நீர் வந்தது. வெக்கையில் உடனே காய்ந்தும் போனது.

"கும்பிடணும்போல இருக்கு டீச்சர்."

"கும்பிடுங்க. பலகையைக் கீழ போட்டுராதீங்க. லேபுக்கு அது ஒண்ணுதான்."

மாசானம் ஒரு கையில் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

இருவரும் திரும்பி லேபுக்கு வந்தார்கள். டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்தார். சூளையிலிருந்து வந்து ஆறிக் கறுத்த குண்டுமணியை அறுத்து, கண்ணாடி போல் இழைத்து வைத்தது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்.

"இதையும் பாத்துருங்க. உங்க கலவை."

மாசானம் குனிந்தார்.

வெளியே கரித்துண்டாக இருந்தது, உள்ளே தேன்கூடாக இருந்தது. ஆறு பக்கம் உள்ள அறைகள். ஒன்றை ஒன்று உரசியபடி, இடைவெளி இல்லாமல், வரிசைக்கு வரிசை நிறைந்திருந்தன. ஓரங்கள் கத்தியால் சீவியதுபோல் இருந்தன. அவர் மூச்சு கண்ணாடியில் பட்டுப் புகைந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யாரு டீச்சர் இதை அடுக்கினது?"

"யாரும் அடுக்கல. சேர்ந்ததும் அதுவே அப்படி நிக்கும்."

"நான் செஞ்சதுக்குள்ளயா இதெல்லாம் இருக்கு?"

"நீங்க செஞ்சதுக்குள்ளதான்."

அவர் தட்டை இந்தப் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் நகர்த்தினார். எங்கே பார்த்தாலும் அறைகள்.

"சேறு எங்க?" என்று கேட்டார்.

"தேடுங்க."

தேடினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேடினார். சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரியுமா என்று பார்த்தார். கண் வலித்தது.

"காணல டீச்சர். எரிஞ்சு போச்சா?"

"கொஞ்சம் போயிருக்கலாம். மிச்சம் உள்ளதான் இருக்கு."

"பிறகு தெரியலயே?"

"தனியா இல்ல. அதான் தெரியல."

மாசானம் நிமிர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே லாரி தெரிந்தது. கொம்பையா படியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சூளைக்கு முன்னால் மறந்துபோன பயம் அப்படியே திரும்பி வந்தது. அவர் மனக்கண்ணில் பாலத்தின் மேலே ஒரு பஸ் போனது. பஸ்ஸின் ஜன்னலில் ரெட்டைச் சடை போட்ட ஒரு தலை தெரிந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"பெரிய பெரிய காட்சி எல்லாம் காட்டினீங்க. இனி எனக்குக் கண்ணு போனாலும் கவலை இல்ல. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரலயே. பயம் அப்படியே இருக்கு."

"லாரிகிட்ட போவம்."

"பயம் போகாம நான் எப்படிக் கட்ட?"

"லாரிகிட்ட போவம், அண்ணாச்சி."

வாசலுக்கு வந்தார்கள். மேகம் மலையைத் தாண்டி இறங்கியிருந்தது. காற்றில் ஈர வாடை அடித்தது. கொம்பையா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"டீச்சர், ஒரு யோசனை. இந்த மனுஷன் பொங்கலுக்குத்தான் கட்டுவாரு. நான் கட்டிருதேன். எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. பிரேக் பிடிக்காத லாரியை மலையிலிருந்து இறக்கினவன் நான். கேட்டுப் பாருங்க."

"அது தெரியும் கொம்பையா" என்றார் டீச்சர். "அதனாலதான் உங்ககிட்ட லாரியை மட்டும் குடுத்திருக்கு."

கொம்பையா மடித்த வேட்டியை அவிழ்த்து மறுபடி மடித்தார். அது புகழ்ச்சியா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மாசானம் பம்பரிலிருந்த கொப்பை எடுத்தார். சணலை எடுத்தார். லாரியின் நெற்றியில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதற்கு நேரே கையைத் தூக்கினார். தூக்கிய கை ஆடியது. கொப்பின் இலைகள் கையோடு சேர்ந்து அசைந்தன.

கையை இறக்கிவிட்டார்.

"பாருங்க டீச்சர். நடுங்குது."

"ஆமா."

"இந்த நடுக்கம் நிக்கட்டும். நின்னதும் கட்டுதேன்."

"எவ்வளவு நடுங்குது? சிட்டிகையா, கைப்பிடியா?"

மாசானத்துக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. தன் கையை ஒரு கியூபைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவுன்னு எப்படிச் சொல்ல?"

"கொப்பு கீழ விழுதா?"

"விழல."

"சணல் பிடிபடுதா?"

"பிடிபடுது."

"முடிச்சுப் போட வருதா பாருங்க."

மாசானம் மறுபடி கையைத் தூக்கினார். கொப்பை வளையத்தோடு சேர்த்துப் பிடித்தார். சணலை ஒரு சுற்று சுற்றினார். நுனி நழுவியது. கொம்பையா ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மாசானம் நுனியைத் தேடி எடுத்தார். இன்னொரு சுற்று. விரல்கள் ஆடின. ஆடிய விரல்களாலேயே நுனியை உள்ளே விட்டு வாங்கினார். இழுத்தார். சணல் இறுகியது.

முதல் தூறல் அவர் முதுகில் விழுந்தது.

"வருது டீச்சர்" என்றார். "நடுக்கம் நிக்கல. ஆனா முடிச்சு விழுந்துட்டு."

டீச்சர் சொன்னார்:

"அப்ப அளவு சரி."